பச்சைத் தகடும் ஒரு மீசையும்

டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு மூக்கு உண்டு, நாக்கு உண்டு, கோபமும் உண்டு. மூளை மட்டும் கிடையாது, அதை நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றவர்களே, கிக்கர் உதைத்து உதைத்து முழங்கால் வீங்கினவர்களே, நடுரோட்டில் பிளக்கைக் கழற்றி ஊதினவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். என் பெயர் ஷெரீபா, இங்கே பலருக்கு இத்தா, அதாவது அக்கா. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில், அரிசிக் குடோன்களுக்குப் பின்னால் படகு ஜெட்டிக்குப் போகிற சந்தில் என் பட்டறை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். இருபது வருஷமாக வள்ளத்து மோட்டாரும் பழைய பைக்குமாகப் பிழைப்பு ஓடுகிறது. சந்துக்குள் நுழைந்தால் முதலில் சுக்கு வாசனை வரும், பிறகு மண்ணெண்ணெய் வாசனை வரும். இரண்டாவது வாசனை நான்.

நான் சொல்லப்போவது ரீடு வால்வு கதை. பயப்படாதீர்கள், சின்ன சமாசாரம். காற்றும் எண்ணெயும் கலந்து இஞ்சினுக்குள் நுழைகிற வாசலில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். அதன் சரிவுகளில் மெல்லிய தகடுகள். பிஸ்டன் மேலே போனால் தகடு திறந்து கலவையை உள்ளே விடும். பிஸ்டன் இறங்கினால் மூடிக்கொள்ளும், போனது திரும்பி வராது. 'உள்ளே வா' என்று சொல்லத் தெரிந்து, 'வெளியே போ' என்று சொல்லத் தெரியாத வாசல் அது. ரொம்ப நல்ல மனசு. ஆனால் அந்தத் தகடு ஒரு நூல் வளைந்தாலும் போச்சு, நாள் முழுக்கக் கயிறு இழுக்க வேண்டியதுதான்.

பிரியாணி மூடி

காயலில் வலை வீசுகிற ஹம்சா இக்கா, எங்கள் வாயில் ஹம்சக்கா, ஒரு நாள் தன் மோட்டாரைத் தார்ப்பாயில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "போன வாரம்கூட நல்லா ஓடிச்சு இத்தா" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், கெட்டுப்போன எந்த இஞ்சினும் போன வாரம் தங்கமாக ஓடியதுதான். திறந்து பார்த்தேன். நாலு தகட்டில் இரண்டு இரும்பு. மற்ற இரண்டும் வெள்ளையாக, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தன. எடுத்து முகர்ந்தால், பெட்ரோலுக்கு நடுவே லேசாகக் கரம் மசாலா!

விசாரித்தால், இரும்புத் தகடு முறிந்ததும் மனுஷன் பிரியாணி பார்சல் டப்பா மூடியைக் கத்திரியால் வெட்டி மாட்டியிருக்கிறார். வெட்டு என்னமோ அருமை, நான்கூட அவ்வளவு நேராக வெட்டியிருக்க மாட்டேன். மோட்டாரும் கிளம்பி, வைப்பின் தீவு வரைக்கும் போயிருக்கிறது. சூடு ஏறியதும் மூடி சுருண்டுவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஹம்சக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இஞ்சினைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார், பிரியாணிக் கடையைச் சொன்னால் பொறுக்க மாட்டார்.

"மூடியைக் குறை சொல்லாதே இத்தா, அது நல்ல கடை மூடி. பிரியாணி ரெண்டு மணி நேரம் ஆவி பறக்க இருந்துச்சு."

கடல்மேல் நடக்கத் தெரியாதவர்

சிரித்து முடித்த பிறகும் அந்த மூடி என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இரும்பல்லாத ஒன்றும் இந்த வேலையைக் கொஞ்ச நேரமாவது செய்கிறதே என்று. அந்த மழைக்காலத்திலேயே செபஸ்தியான் சேட்டனின் மோட்டார் வந்து சேர்ந்தது.

செபஸ்தியான் சேட்டனுக்கு ஐம்பத்தைந்து வயசு. சொந்த வள்ளம். தன்னோடு சேர்த்து ஆறு பேராகக் கடலுக்குப் போகிறவர். குளச்சல்காரர்களோடு வருஷக்கணக்கில் தொழில் செய்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆள் வருவதற்கு முன்னால் மீசை வரும். அப்படி ஒரு மீசை, இரண்டு பக்கமும் வழிந்து, உப்புக்காற்றில் விறைத்து நிற்கும். அன்று அந்த மீசையே தொங்கிப்போயிருந்தது. நடுக்கடலில் இரும்புத் தகட்டின் ஒரு மூலை முறிந்து உள்ளே போய், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டி, இஞ்சின் இறுகிவிட்டது. பாதி நாள் அலையில் மிதந்தார்கள். வேறொரு வள்ளம் பார்த்துக் கட்டி இழுத்து வந்திருக்கிறது.

பிஸ்டனை வெளியே எடுத்தேன். பூனை பிறாண்டினதுபோல நெடுகக் கீறல். அடியில் அந்தத் துணுக்கு கிடந்தது. சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. சேட்டன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்திருந்தார். இத்தனூண்டு இரும்புக்கு ஆறு உயிரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை இரும்பிடம் காட்ட முடியாது, அதனால் அவரிடமே காட்டினேன். "ஒரு துடுப்பாவது எடுத்துட்டுப் போகக்கூடாதா சேட்டா?" என்று கத்தினேன்.

"துடுப்பு இருந்துச்சு ஷெரீபா, காத்துதான் எதிர்ல இருந்துச்சு. கடல்மேல நடக்கத் தெரிஞ்சவர் எங்க ஆளுகள்ல ஒருத்தர்தான், அது நான் இல்ல."

மச்சான் தள்ளிய வண்டி

அன்றைக்கே முடிவு செய்தேன், முறிந்தாலும் இஞ்சினைக் கொல்லாத தகடு செய்ய வேண்டும். எலக்ட்ரிக் கடையில் சுவிட்சுப் பலகைக்குப் போடுகிற பச்சைத் தகடு விற்பார்கள், கண்ணாடி நாரும் பசையும் சேர்த்து அழுத்தினது. மெல்லிசாகவும் கிடைக்கும். பெட்ரோலுக்கும் அசையாது, சூட்டுக்கும் அசையாது. முறிந்தால் பொடிப்பொடியாகிப் புகையோடு போய்விடும், பிஸ்டனைக் கீறாது. இது என் கணக்கு. கணக்கு சரியா என்று பார்க்க ஒரு பலியாடு வேண்டுமே! என் வீட்டுக்காரர் நாசரிடம், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவரிடம், பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்று இருந்தது. ஏலக்காய்க் கடையில் எடை போடுகிறவர், நிதானமான மனுஷன். பைக்கும் அவர் மாதிரியே.

முதலில் கனமான தகட்டை வெட்டி மாட்டினேன். அது பிடிவாதக்கார வாசல், தட்டினாலும் திறக்காது. பாலத்தின் இறக்கத்தில் தள்ளிவிட்டால்தான் வண்டி கிளம்பும். அடுத்து மெல்லிசாக மாட்டினேன். அரை உதையில் கிளம்பிவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வேகம் எடுத்ததும் தகடு திறக்கவா மூடவா என்று தெரியாமல் படபடவென்று அடித்துக்கொண்டு, தோப்பும்படி ஜங்ஷனில் வண்டி நின்றது. ஓரத்தைத் தேய்க்காமல் மாட்டியதில் நார் பிரிந்தது வேறு. கனம் மாற்றி, நீளம் மாற்றி, ஓரத்தை நனைத்த மணல் பேப்பரில் தேய்த்து, தகடு எவ்வளவு தூரம் திறக்கலாம் என்று தடுக்கிற வளைவையும் மாற்றி, ஆறு மாதம் ஓடிற்று. மச்சான் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வண்டிப் பக்கத்தில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னைக்கு எந்த இடத்திலேருந்து தள்ளணும்னு மட்டும் சொல்லிடு, செருப்பை மாத்திக்கறேன்."

அவரவர் ரீடை அவரவரே

தகடு மாட்டிய ரீடு பெட்டியைச் சோதிக்கப் பெரிய கம்பெனிகளில் என்னென்னவோ கருவிகள் இருக்கலாம். எங்கள் சந்தில் இருப்பது வாய். கார்புரேட்டர் பக்கத்தை வாயில் வைத்து உறிஞ்சினால் தகடு மூடிக்கொண்டு, பெட்டி உதட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஊதினால் 'ப்ர்ர்' என்று திறக்க வேண்டும். எவ்வளவு கழுவினாலும் பெட்ரோல் ருசி போகாது. வருஷத்தில் பதினோரு மாதம் எனக்கு அது பழக்கம்தான். நோன்பு மாதத்தில் என்ன செய்வது? மச்சானுக்கும் நோன்பு. அதனால் ரமலானில் என் பட்டறைக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு: அவரவர் ரீடை அவரவரே உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

அந்த ரமலானில் செபஸ்தியான் சேட்டன் மோட்டாரை சர்வீசுக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் அது ஈஸ்டருக்கு முந்தின நோம்புக் காலம். ஆனால் அவர் நோம்பில் இறைச்சிதான் கூடாதாம், மண்ணெண்ணெய் பற்றி சர்ச் அச்சன் ஒன்றும் சொல்லவில்லையாம். வழக்கமான இரும்புத் தகட்டைத்தான் மாட்டினேன். பெட்டியைக் கையில் கொடுத்தேன். உறிஞ்சினார். "காத்து வருது ஷெரீபா" என்றார். கழற்றித் துடைத்து, தகடு உட்காருகிற இடத்தைக் கண்ணாடிமேல் மணல் பேப்பர் வைத்துச் சமமாகத் தேய்த்துக் கொடுத்தேன். உறிஞ்சினார். "வருதே!" என்றார். புதுத் தகடு மாட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு கீற்றுகூட உள்ளே தெரியவில்லை. கண் சரி என்கிறது, வாய் இல்லை என்கிறது. எங்கள் தொழிலில் வாய்தான் மேல்கோர்ட்டு. மூன்றாம் முறையும் "வருது." மதிய வெயில், நாக்கு வறண்டு ஒட்டுகிறது, தலை சுற்றுகிறது. இருபது வருஷத் தொழில் கையை விட்டுப் போய்விட்டதோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரில் மாரியம்மா சாயாக்கடை. கம்பம் பக்கத்துக்காரி, என்னைவிட வாய் நீளம். நோன்பு மாதத்தில் எங்களுக்கு மரியாதையாகக் கடை வாசலில் ஒரு படுதா தொங்கவிடுவாள். அந்தப் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள், அவர் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி ஒரே உறிஞ்சு. இரண்டு கையையும் விட்டாள். பெட்டி அவள் உதட்டிலேயே தொங்கியது! சுமை தூக்குகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எனக்குப் போன உயிர் வந்தது. அப்புறம்தான் சேட்டனின் முகத்தைப் பார்த்தேன். பெட்டிக்கும் உதட்டுக்கும் நடுவே தென்னந்தோப்பு மாதிரி மீசை. மாரியம்மா பெட்டியை 'ப்ளக்' என்று பிடுங்கி என் கையில் வைத்தாள்.

"இரும்புல ஓட்டை இல்ல ஷெரீபா. இந்தாளு மீசை வழியா ஊரே உள்ள போயிட்டு வரும், காத்து போகாதா?"

பந்தயம்

அன்று சாயங்காலத்துக்குள் கதை ஜெட்டி வரைக்கும் போய்விட்டது. அடுத்த நாள் சேட்டன் மோட்டாரை எடுக்க வந்தபோது மீசையைக் கையால் மூடிக்கொண்டுதான் வந்தார். நல்ல சமயம் என்று என் பச்சைத் தகட்டை எடுத்துக் காட்டினேன். விரலால் வளைத்துப் பார்த்தார். "பப்படம் மாதிரி இருக்கே" என்றார். இரும்பு முறிந்தால் இஞ்சினைக் கொல்லும், இது முறிந்தால் பொடியாகிப் போய்விடும், கரைக்கு வந்துவிடலாம் என்று விளக்கினேன். "அப்போ முறியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு மாத உழைப்பை ஒருத்தர் பப்படம் என்று சொன்னால் நியாயமா தோன்றும்? "முறியாது!" என்றேன். "முறியாதுன்னா முறிஞ்சா என்ன ஆகும்னு எதுக்குச் சொல்றே?" என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"இந்த மழை சீசன்ல ஒரே ஒரு தகடு முறிஞ்சாலும், என் ஆயுசுக்கும் இந்தப் பச்சையைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நோன்பு வாய், திரும்ப எடுக்க முடியாது. மச்சான் தள்ளிய தூரமெல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து போயிற்று. சேட்டன் பச்சைத் தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அந்த நகத்தளவு இரும்புத் துணுக்கு அவர் மனசில் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கும், இல்லாவிட்டால் சம்மதித்திருக்க மாட்டார். "மாட்டு" என்றார். பிறகு மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டார்.

"ஒண்ணும் முறியாம சீசன் முடிஞ்சா, முப்பது வருஷத்து மீசை, உன் பட்டறை வாசல்லயே எடுத்துடறேன். என் வீட்டுக்காரி ரோசிலிகூட இது இல்லாம என்னைப் பார்த்ததில்ல."

நிறம்

பந்தயம் ஊருக்குத் தெரிந்ததும் பச்சைத் தகடு கேட்டு ஒருவர் வந்தார். சுமைதூக்கும் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர், பைக்கின் சீட் கவர் முதல் மட்கார்டு வரை சிவப்பு. சீசன் முடியட்டும் சகாவே, அதுவரை யாருக்கும் மாட்டுவதில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, இதே சாமான் சிவப்பில் கிடைக்குமா என்று கேட்டார். பச்சையில்தான் வருகிறது என்றேன். முகம் வாடிவிட்டது. இஞ்சினுக்குள்ளே போகிற சாமான், என்ன கலர் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று சமாதானம் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாது, சரிதான். எனக்குத் தெரியுமே இத்தா."

அழிமுகம்

மழை பிடித்தது. டிராலிங் தடை வந்து பெரிய போட்டெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போதுதான் வள்ளக்காரர்களுக்குக் காலம். செபஸ்தியான் சேட்டன் தினமும் இருட்டு விலகும் முன் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் என் சந்தின் வாயில் நின்று, கட்டைவிரலைக் காட்டிவிட்டு மீசையைத் தடவிவிட்டுப் போவார். மூன்று வாரம் இப்படி. நான் மனசுக்குள் கத்திரிக்கோலைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, கட்டைவிரல் வரவில்லை. மழை ஊற்றுகிறது. போன் போகவில்லை. கையில் எடுத்த ஸ்பானர் கையிலேயே இருக்கிறது, எந்த போல்ட்டுக்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு மச்சான் கடையிலிருந்து பைக்கில் வந்து நின்று, "ஏறு" என்று மட்டும் சொன்னார். பைக்கில் இருப்பதும் என் தகடுதான். ஃபோர்ட் கொச்சி அழிமுகத்துக்குப் போனோம். கடலுக்குப் போன வள்ளம் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

அங்கே ரோசிலி சேச்சி நின்றிருந்தார். செபஸ்தியான் சேட்டனின் மனைவி. கம்பி முறிந்த குடை, கையில் கொந்தை என்கிற ஜெபமணி. என்னைப் பார்த்ததும், "உன்னோட பச்சைத் தகடுதானே உள்ளே இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஆமா சேச்சி" என்றேன். குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். முறியாது என்று சொன்ன வாயில் சூடு வைக்கலாம் போல இருந்தது. அல்லாவே, பந்தயத்தில் நான் தோற்றுப்போறேன், ஆறு பேரையும் கொண்டுவந்து சேர்த்துடு என்று கேட்டேன். சேச்சி மணியை உருட்டினார், நான் உதட்டை அசைத்தேன், மச்சான் இரண்டு பேருக்கும் பொதுவாக ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது சத்தம். கண்ணுக்கு மழைதான் தெரிந்தது, காதுக்கு இஞ்சின் தெரிந்தது. இரண்டு சிலிண்டரில் ஒன்று முழு மனசாகவும் ஒன்று அரை மனசாகவும் வேலை செய்கிற நொண்டிச் சத்தம். முறிந்துவிட்டது! எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முறிந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. மழைக்குள்ளிருந்து வள்ளம் வெளியே வந்தது, வயிறு நிறைய மத்தி, விளிம்பு வரைக்கும் தண்ணீரில் இறங்கி, மெல்ல மெல்ல. நான் தலைகளை எண்ணினேன். சேச்சியும் எண்ணினார். ஆறு! இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டதில் குடை பறந்துபோய் மச்சான் அதன் பின்னால் ஓடினார். வள்ளம் கரையோரமாக வந்ததும் சேட்டன் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"ஷெரீபா! உன் தகடு செத்துப் போச்சு! நாங்க சாகலை!"

குறுக்கே வெட்டின துண்டு

மறுநாள் மோட்டாரைத் திறந்தேன். நாலு தகட்டில் ஒன்று பாதிக்குமேல் இல்லை. பிஸ்டனைத் துடைத்துப் பார்த்தேன், சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினேன். ஒரு கீறல் இல்லை! உடைந்த துண்டு பொடியாகிப் புகையோடு போய்விட்டது. அந்த மட்டில் என் கணக்கு சரி. ஆனால் ஏன் முறிந்தது? மிச்சமிருந்த பாதித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. மற்ற மூன்றிலும் நார் நீளவாக்கில் ஓடுகிறது, இதில் குறுக்கே. கடைசித் தகட்டுக்குப் புதுத் துண்டு எடுக்காமல், வீணாகிறதே என்று ஓரத்தில் மிஞ்சிய துண்டைத் திருப்பி வைத்து வெட்டியிருக்கிறேன். மீந்த துணியில் பை தைக்கிற புத்தி. பையில் தேங்காய் போகும், பரவாயில்லை. இதில் ஆறு பேர் போனார்கள்.

சேட்டனிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் அந்தத் தகட்டை வாங்கி நாரை விரலால் தடவிப் பார்த்தார். இரும்புத் தகட்டை மாட்டிக் கொடுத்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். மீதியிருந்த பச்சைத் தகட்டையெல்லாம் எடுத்துக்கொண்டுபோய், அடுப்பில் போடு என்று மாரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கண் கலங்கியது, சாயா சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். மாரியம்மா என்னையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதில் பெரிசாக ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து, வாழைப்பழம் பொரித்து அடுக்கிய பழம்பொரித் தட்டின்மேல் வைத்தாள்.

"ஈ மொய்க்குது, மூடி வச்சுக்கறேன். எரிக்கச் சொன்னா வேற ஆளைப் பாரு."

அடையாளம் தெரியாத ஆள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு ஒரு ஆள் பட்டறை வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகம் வெயிலில் கறுத்து, மேலுதடு மட்டும் உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. "சொல்லுங்க சேட்டா, என்ன வண்டி?" என்று கேட்டேன். மாரியம்மா எதிர்க்கடையிலிருந்து, "ஊருக்குப் புதுசா? சாயா குடிக்கிறீங்களா?" என்றாள். அவர் தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. "யா அல்லாஹ்! சேட்டா! மீசை எங்கே?" என்று கூவிவிட்டேன். காலையில் எடுத்தாராம். ரோசிலி சேச்சி முதலில் கதவைச் சாத்தப் பார்த்தாராம், பிறகு முப்பது வருஷமாக மறைத்து வைத்த மூஞ்சி இதுதானா என்று சிரித்துச் சிரித்துப் பூசைக்கே தாமதமாம்.

"பந்தயத்துல ஜெயிச்சது நீங்கதானே, தகடு முறிஞ்சுதானே போச்சு? எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் நேரே எதிர்க்கடைக்குப் போனார். பழம்பொரித் தட்டின்மேல் இருந்த பச்சைத் தகட்டை எடுத்தார், எண்ணெயை நல்ல வேட்டியிலேயே துடைத்தார், கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஹம்சக்காவின் ரீடு பெட்டி, புதுத் தகடு மாட்டிச் சோதிக்காமல் கிடந்தது. அதை எடுத்து வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். இரண்டு கையையும் விரித்தார். பெட்டி உதட்டில் தொங்கியது! மாரியம்மா கை தட்டினாள், பார்த்துக்கொண்டிருந்த மச்சான் தட்டினார், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, இந்த முறை சாயாவைச் சாக்குச் சொல்லவில்லை. 'ப்ளக்' என்று பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எங்கள் கரையில் பதினேழு வள்ளம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றார். தொட மாட்டேன்னு சத்தியம் செய்திருக்கேனே என்று இழுத்தேன்.

"பந்தயம் தகட்டுக்கு. மீசை, ஆறு பேர் வீடு வந்து சேர்ந்ததுக்கு. ஜெயிச்சவன் நான் சொல்றேன் ஷெரீபா, வெட்டு. ஆனா நார் ஓடுற பக்கமா வெட்டு."

ஆகவே என் சக துன்பவாசிகளே, இஞ்சினில் காற்று கசிகிறது என்று யாராவது சொன்னால், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சொன்னவர் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிடுங்கள்.